கடும் பக்கவாதம்: கரைக்கும் ஊசி போதுமா, குழாய் வழியே கட்டியை எடுக்க வேண்டுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"மூளைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய் அடைத்திருக்கிறது. தொடை வழியாகக் குழாய் விட்டு ரத்தக்கட்டியை எடுக்க வேண்டும். கையெழுத்துப் போடுகிறீர்களா?" அவசர சிகிச்சைப் பிரிவில் இப்படிக் கேட்கப்படும் குடும்பத்துக்கு யோசிக்கக் கிடைப்பது சில நிமிடங்கள்தாம். அந்த நேரத்தில் புதிதாக எதையும் படித்துப் புரிந்துகொள்ள முடியாது. வீட்டில் அமைதியாக இருக்கும் நாளிலேயே படித்து வைத்துக்கொள்வதற்காகவே இந்தக் கேள்வி பதில்களை எழுதுகிறேன்.

எல்லாப் பக்கவாதத்துக்கும் இந்தச் சிகிச்சை உண்டா?

இல்லை. பக்கவாதத்தில் இரண்டு பெரும் வகைகள் உண்டு. ரத்தக்குழாய் வெடித்து மூளைக்குள் ரத்தம் கசிவது ஒன்று. ரத்தக்குழாய் அடைத்து மூளையின் ஒரு பகுதிக்கு ரத்தம் போகாமல் நிற்பது மற்றொன்று. இரண்டாவதுதான் அதிகம். இந்தக் கட்டுரை முழுவதும் அதைப் பற்றியதே. ரத்தக் கசிவு உள்ளவருக்குக் கரைக்கும் ஊசியைப் போட்டால் கசிவு பெருகி உயிருக்கே ஆபத்தாகும். வெளியிலிருந்து பார்த்து எந்த வகை என்று எவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அதனால்தான் எதைத் தொடங்கும் முன்பும் சி.டி. ஸ்கேன் எடுக்கிறார்கள்.

அடைப்பு வகையிலும், அடைத்த குழாய் எது என்பது முக்கியம். கழுத்திலிருந்து மூளைக்குள் நுழையும் உள் கரோட்டிட் தமனி, அதிலிருந்து பிரியும் நடுப் பெருமூளைத் தமனியின் அடிப்பகுதி, மூளைத்தண்டுக்கு ரத்தம் தரும் பேசிலார் தமனி ஆகிய பெரிய குழாய்கள் அடைத்தால் பாதிப்பு கடுமையாக இருக்கும். ஒரு பக்கக் கை, கால் இரண்டும் அசையாது, பேச்சு நின்றுபோகும், கண்கள் ஒரே பக்கம் திரும்பி நிற்கும், சிலருக்கு நினைவு மங்கும். மருத்துவர்கள் இதை 0 முதல் 42 வரையிலான ஓர் அளவுகோலில் மதிப்பிடுகிறார்கள். எண் கூடக் கூடப் பாதிப்பு அதிகம். பெரிய குழாய் அடைப்பை ஆராய்ந்த முதன்மையான ஆய்வுகளில் சேர்ந்தவர்களின் நடுமதிப்பு 17ஐ ஒட்டி இருந்தது. கடும் பக்கவாதம் என்று இங்கே நான் சொல்வது அந்த நிலையைத்தான்.

மருந்தால் என்ன செய்ய முடியும்?

ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிதான் முதன்மையான மருந்து. ஆல்டிபிளேஸ் என்ற மருந்தை அறிகுறி தோன்றி 3 மணி நேரத்துக்குள் கொடுத்தால் பலன் உண்டு என்பதை 1995இல் வெளியான அமெரிக்க அரசு நிறுவனத்தின் ஆய்வு 624 நோயாளிகளிடம் காட்டியது. மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, குறையின்றியோ மிகச் சிறிய குறையோடோ இருந்தவர்கள் ஊசி பெற்றவர்களிடையே குறைந்தது 30 சதவீதம் கூடுதலாக இருந்தார்கள். அதற்கு ஒரு விலையும் இருந்தது. மூளைக்குள் ரத்தம் கசிந்து நிலை மோசமானது ஊசி பெற்றவர்களில் 6.4 சதவீதம், பெறாதவர்களில் 0.6 சதவீதம். 2008இல் வந்த ஐரோப்பிய ஆய்வுக்குப் பிறகு கால வரம்பு நாலரை மணி நேரமாக நீண்டது.

இப்போது பல மருத்துவமனைகள் டெனெக்டிபிளேஸ் என்ற மருந்துக்கு மாறியுள்ளன. ஆல்டிபிளேஸில் முதலில் ஒரு பங்கைச் செலுத்தி, மீதியை ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாக ஏற்ற வேண்டும். டெனெக்டிபிளேஸ் ஒரே ஊசியில் முடிந்துவிடுகிறது. ஓர் ஊரிலிருந்து இன்னொரு ஊருக்கு ஆம்புலன்ஸில் அனுப்பப்படும் நோயாளிக்கு இது மிகப் பெரிய வசதி.

ஊசியின் எல்லை கட்டியின் அளவில் இருக்கிறது. சிறிய கட்டி கரையும். பெரிய குழாயை நீளமாக அடைத்து நிற்கும் கட்டி பெரும்பாலும் கரைவதில்லை. உள் கரோட்டிட் தமனி அடைப்பில் ஊசியால் மட்டும் பாதை திறப்பது மிகக் குறைவு. அதாவது, மிக மோசமாகப் பாதிக்கப்பட்டவருக்குத்தான் ஊசி மிகக் குறைவாக உதவுகிறது. கட்டியை நேரடியாக எடுத்துவிட முடியாதா என்ற தேடல் இங்கிருந்துதான் தொடங்கியது.

ஆஸ்பிரின் கட்டியைக் கரைப்பதில்லை. அடுத்த கட்டி உருவாவதைத் தடுக்கவே அது உதவுகிறது.

கட்டியை எடுப்பது என்றால் மண்டையைத் திறப்பதா?

மண்டையைத் தொடுவதே இல்லை. த்ராம்பெக்டமி என்று அழைக்கப்படும் இந்தச் சிகிச்சை ஆஞ்சியோ எடுக்கும் அறையில் நடக்கிறது. தொடை இடுக்கிலோ மணிக்கட்டிலோ உள்ள தமனியில் ஊசியால் துளையிட்டு, மெல்லிய குழாயை எக்ஸ்ரே படத்தைப் பார்த்தபடியே கழுத்துவரை கொண்டுபோகிறார்கள். அதனுள்ளே இன்னும் மெல்லிய குழாயைச் செலுத்தி, அடைப்பைத் தாண்டி நிறுத்துகிறார்கள். அதன் வழியாகக் கம்பி வலை ஒன்று விரிகிறது. வலை விரிந்து கட்டிக்குள் பதிந்ததும், சில நிமிடங்கள் காத்திருந்து, உறிஞ்சிக்கொண்டே வலையையும் கட்டியையும் சேர்த்து வெளியே இழுக்கிறார்கள். வலை இல்லாமல் உறிஞ்சியே எடுக்கும் முறையும் உண்டு. சில சமயம் முதல் முயற்சியிலேயே ரத்தம் பாயத் தொடங்கும். சில சமயம் மூன்று, நான்கு முறை முயல வேண்டியிருக்கும். நோயாளியின் நிலையைப் பொறுத்து லேசான மயக்கத்திலோ முழு மயக்கத்திலோ செய்கிறார்கள்.

இது ஊசியைவிட நல்லது என்பதற்கு என்ன ஆதாரம்?

இதை விரிவாகவே சொல்ல வேண்டும். இந்தச் சிகிச்சை ஒரு காலத்தில் தோற்றுப்போனதாகவே கருதப்பட்டது.

மூளையிலிருந்து கட்டியை எடுக்கும் முதல் கருவிக்கு அமெரிக்காவில் 2004இல் அனுமதி கிடைத்தது. தக்கைத் திருகி போன்ற சுருள் கம்பி அது. பல மருத்துவமனைகள் அதைப் பயன்படுத்தின. குழாய் திறப்பதைப் படத்தில் பார்த்து மருத்துவர்கள் நம்பிக்கை கொண்டார்கள். ஆனால் 2013இல் மூன்று பெரிய ஆய்வுகள் ஒரே நேரத்தில் வெளிவந்தன. மூன்றுமே குழாய் வழிச் சிகிச்சையால் கூடுதல் பலன் இல்லை என்றன. அவற்றில் பெரியதான ஐ.எம்.எஸ். 3 ஆய்வில், பிறர் உதவியின்றி வாழும் நிலைக்கு வந்தவர்கள் இரு பக்கமும் ஏறத்தாழ ஒன்றே: 40.8 சதவீதம், 38.7 சதவீதம்.

கருத்து தவறா, செய்த விதம் தவறா? பின்னோக்கிப் பார்த்தால், செய்த விதத்தில் குறை இருந்தது தெரிகிறது. பெரிய குழாய் உண்மையிலேயே அடைத்திருக்கிறதா என்று ஆஞ்சியோ ஸ்கேனில் உறுதிசெய்யாமலேயே பலரைச் சேர்த்திருந்தார்கள். சிகிச்சை தொடங்கத் தாமதமானது. கருவிகள் பழையவை. அதற்குள் ஸ்டென்ட் ரிட்ரீவர் என்ற கம்பி வலை வந்துவிட்டிருந்தது. அது பழைய சுருள் கம்பியைவிட மேலானது என்பதை 2012லேயே இரண்டு ஆய்வுகள் காட்டியிருந்தன.

இந்தக் குழப்பத்தின் நடுவே நெதர்லாந்து செய்ததை நான் மிகவும் மதிக்கிறேன். 16 மருத்துவமனைகள் சேர்ந்து எம்.ஆர். கிளீன் என்ற ஆய்வை நடத்திக்கொண்டிருந்தன. அந்த ஆய்வுக்குள் செய்தால்தான் இந்தச் சிகிச்சைக்குக் காப்பீட்டுப் பணம் என்று அந்நாட்டு அரசு 2013இல் விதித்தது. நிரூபிக்கப்படாத ஒன்றை எல்லாரும் விருப்பம்போல் செய்துகொண்டிருப்பதைவிட, ஒழுங்காகச் சோதித்து விடை காண்பதே மேல் என்ற நிலைப்பாடு அது. 500 நோயாளிகள் சேர்ந்தார்கள். குலுக்கல் முறையில் 233 பேருக்கு வழக்கமான மருத்துவத்துடன் குழாய் வழிச் சிகிச்சையும், 267 பேருக்கு வழக்கமான மருத்துவம் மட்டும். இரு பிரிவிலும் பெரும்பாலோர் ஊசியையும் பெற்றிருந்தார்கள். 2014 அக்டோபரில் இஸ்தான்புல்லில் நடந்த உலகப் பக்கவாத மாநாட்டில் முடிவு அறிவிக்கப்பட்டது. மூன்று மாதத்தில் பிறர் உதவியின்றி வாழ்ந்தவர்கள் குழாய் வழிச் சிகிச்சை பெற்றவர்களில் 32.6 சதவீதம், பெறாதவர்களில் 19.1 சதவீதம்.

அதன்பின் உலகெங்கும் நடந்துகொண்டிருந்த மற்ற ஆய்வுகளைத் தொடர்வதில் பொருளில்லாமல் போனது. அவற்றைப் பாதியில் நிறுத்திக் கணக்கிட்டபோது எல்லாமே ஒரே திசையைக் காட்டின. கனடா தலைமையிலான எஸ்கேப் ஆய்வில் 53 சதவீதத்துக்கு எதிராக 29.3 சதவீதம்; அதில் இறப்பும் 19இலிருந்து 10.4 சதவீதமாகக் குறைந்தது. ஸ்பெயினில் 43.7க்கு எதிராக 28.2. இப்படி ஐந்து ஆய்வுகளின் 1,287 நோயாளிகளை ஒன்றாகச் சேர்த்து 2016இல் வெளியான கணக்கில், தன் காலில் நின்று வாழும் நிலையை அடைந்தவர்கள் 46 சதவீதம். மருந்து மட்டும் பெற்றவர்களில் 26.5 சதவீதம். ஏறத்தாழ மூன்று பேருக்குச் செய்தால் ஒருவருக்கு ஊனம் ஒரு படியாவது குறைகிறது. மருத்துவத்தில் இவ்வளவு பலன் தரும் சிகிச்சைகள் அரிது.

46 சதவீதம் என்றால், பாதிப்பேருக்கு மேல் தேறவில்லை என்றுதானே பொருள்?

ஆம். இதைக் குடும்பத்திடம் மருத்துவர்கள் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்றே நினைக்கிறேன். கட்டியை எடுத்துவிட்டால் அப்பா நாளை எழுந்து நடப்பார் என்று நம்பிக் கையெழுத்துப் போட்டு, பிறகு உடைந்துபோகும் குடும்பங்கள் உண்டு.

இந்த ஆய்வுகளில் விளைவை 0 முதல் 6 வரை ஏழு படிகளில் அளக்கிறார்கள். 0 என்றால் எந்தக் குறையும் இல்லை. 2 என்றால் பழைய வேலைகள் சிலவற்றைச் செய்ய முடியாது, ஆனால் தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ளலாம். 3 என்றால் தானாக நடக்கலாம், சிலவற்றுக்குத் துணை வேண்டும். 4 என்றால் துணையின்றி நடக்க முடியாது. 5 என்றால் படுக்கை. 6 மரணம். மேலே சொன்ன 46 சதவீதம் 0, 1, 2 ஆகிய படிகளில் உள்ளவர்கள். படுக்கையில் முடங்கியிருக்க வேண்டியவர் கைத்துணையோடு நடப்பது அந்த 46இல் சேராது. அந்த வீட்டுக்கு அது எவ்வளவு பெரிய மாற்றம் என்பது பக்கவாத நோயாளியைப் பராமரித்த எவருக்கும் தெரியும்.

இறப்பைப் பொறுத்தவரை, அந்த ஒருங்கிணைந்த கணக்கில் 15.3 சதவீதம், 18.9 சதவீதம் என்று சிறிய வேறுபாடே இருந்தது. உறுதியான வேறுபாடு என்று சொல்ல முடியாத அளவு. இந்தச் சிகிச்சை முதன்மையாகக் குறைப்பது ஊனத்தை.

முதலில் ஊசியைப் போட்டுப் பார்ப்போம், சரியாகவில்லை என்றால் பிறகு குழாய் விடலாமே?

வேண்டாம். குடும்பங்கள் கேட்கும் கேள்விகளிலேயே மிகவும் இயல்பானதும் மிகவும் இழப்பைத் தருவதும் இதுதான். பெரிய குழாய் அடைத்த நிலையில் சராசரியாக நிமிடத்துக்கு 19 லட்சம் நரம்பணுக்கள் மடிகின்றன என்று அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ஜெஃப்ரி சேவர் 2006இல் கணக்கிட்டார். ஊசி வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு மணி நேரம் காத்திருந்தால் எவ்வளவு போகும் என்று நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

சரியான வரிசை இது: ஊசி போடத் தகுதி உண்டென்றால் உடனே போட வேண்டும், அதன் பலனுக்குக் காத்திராமல் அப்போதே ஆஞ்சியோ அறைக்குக் கொண்டுபோக வேண்டும். பெரிய குழாய் அடைப்பில் மருந்தும் குழாய் வழிச் சிகிச்சையும் ஒன்றுக்கொன்று மாற்று அல்ல. "எது வேண்டும்?" என்று குடும்பத்தின் முன் இரண்டையும் தட்டில் வைப்பதை நான் ஏற்கவில்லை. மேலே சொன்ன ஐந்து ஆய்வுகளும் ஒப்பிட்டது மருந்து மட்டும் பெற்றவர்களையும், மருந்தோடு குழாய் வழிச் சிகிச்சையும் பெற்றவர்களையும்தான்.

அப்படியானால் ஊசியைத் தவிர்த்து நேராகக் கட்டியை எடுத்துவிடலாமா? செலவும் ரத்தக் கசிவும் குறையுமே?

மருத்துவர்களிடையே பல ஆண்டு விவாதம் இது. சீனா, ஜப்பான், ஐரோப்பா, ஆஸ்திரேலியா என்று பல இடங்களில் ஆறு ஆய்வுகள் நடந்தன. அவற்றின் 2,313 நோயாளிகளைச் சேர்த்துப் பார்த்தபோது, நேராகக் கட்டியை எடுத்தவர்களில் 49 சதவீதமும் ஊசியும் போட்டவர்களில் 51 சதவீதமும் பிறர் உதவியின்றி வாழ்ந்தார்கள். ஊசியைத் தவிர்த்தாலும் குறைவுபடாது என்பதை அந்தக் கணக்கால் நிறுவ முடியவில்லை. அறிகுறி தோன்றிச் சுமார் 2 மணி 20 நிமிடத்துக்குள் போடும் ஊசிதான் தெளிவான கூடுதல் பலன் தருகிறது என்பதையும் அதே தரவுகள் காட்டின. 2025இல் சீனாவில் 550 பேரிடம் டெனெக்டிபிளேஸைச் சோதித்தார்கள். ஊசிக்குப் பின் கட்டியை எடுத்தவர்களில் 52.9 சதவீதம், ஊசியின்றி எடுத்தவர்களில் 44.1 சதவீதம்.

தகுதியுள்ளவருக்கு ஊசியை விட்டுவிட நல்ல காரணம் எதுவும் இல்லை என்பதே என் முடிவு. சீக்கிரம் வந்தவருக்கு நிச்சயம் இல்லை.

அம்மாவுக்கு ஊசி போட முடியாது என்கிறார்கள். கதவு மூடிவிட்டதா?

மூடவில்லை. சமீபத்தில் பெரிய அறுவை சிகிச்சை செய்தவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள், தட்டணுக்கள் மிகக் குறைந்தவர்கள், 185/110க்கு மேல் நிற்கும் ரத்த அழுத்தம் இறங்காதவர்கள், நாலரை மணி நேரம் தாண்டி வந்தவர்கள் ஆகியோருக்குப் பொதுவாகக் கரைக்கும் ஊசி போடுவதில்லை. அவர்களில் பலருக்குக் கட்டியை எடுக்கும் சிகிச்சை செய்ய முடியும். "ஊசி போட முடியாது" என்று சொல்லப்பட்டால், "பெரிய குழாய் அடைத்திருக்கிறதா? குழாய் வழியே எடுக்க வாய்ப்பு உண்டா?" என்று கேளுங்கள்.

காலையில் எழும்போதே கை கால் விழுந்திருந்தது. எத்தனை மணிக்கு வந்ததென்றே தெரியவில்லையே?

கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்பதிலிருந்து நேரத்தைக் கணக்கிடுவார்கள். இரவு பத்து மணிக்குப் பேசிவிட்டுப் படுத்தார் என்றால் பத்து மணி. அந்த நேரத்தை ஊகிக்காமல் சரியாகச் சொல்லுங்கள்.

நேரம் கடந்துவிட்டது என்று யாரும் வீட்டிலேயே முடிவுகட்ட வேண்டாம். சிலருக்கு மாற்றுக் கிளைக்குழாய்கள் வழியாகக் கொஞ்சம் ரத்தம் கிடைத்துக்கொண்டிருக்கும். அவர்களுடைய மூளை மெதுவாகத்தான் மடியும். எவ்வளவு மடிந்தது, எவ்வளவு இன்னும் காப்பாற்றக்கூடியது என்பதைச் சிறப்பு ஸ்கேன் காட்டும். அப்படித் தேர்ந்தெடுத்த நோயாளிகளிடம் 2018இல் வெளியான டான் ஆய்வு, 6 முதல் 24 மணி நேரம் வரை ஆனவர்களில் 49 சதவீதம் பிறர் உதவியின்றி வாழ்ந்ததாகக் காட்டியது. மருந்து மட்டும் பெற்றவர்களில் 13 சதவீதம். அதே ஆண்டின் டிஃபியூஸ் 3 ஆய்வில், 6 முதல் 16 மணி நேரம் ஆனவர்களில் 45க்கு எதிராக 17 சதவீதம்.

இந்த எண்களைப் பார்த்து "24 மணி நேரம் இருக்கிறதே" என்று யாரும் நிதானிக்க வேண்டாம். ஸ்கேனில் நல்ல மூளை மிச்சமிருந்தவர்களை மட்டுமே இந்த ஆய்வுகளில் சேர்த்தார்கள். பலருக்கு ஆறு மணி நேரத்துக்குள்ளேயே மிச்சம் எதுவும் இருக்காது.

மூளையில் பெரும்பகுதி ஏற்கெனவே பாதித்துவிட்டது என்கிறார்கள். செய்வதில் பயன் உண்டா?

2022 வரை இத்தகையவர்களுக்குப் பெரும்பாலும் செய்வதில்லை. ஜப்பானில் தொடங்கி, சீனா, அமெரிக்கா, ஐரோப்பா என்று வந்த ஆய்வுகள் அதை மாற்றின. செலக்ட் 2 ஆய்வில் பிறர் உதவியின்றி வாழும் நிலைக்கு வந்தவர்கள் 20.3 சதவீதம், மருந்து மட்டும் பெற்றவர்களில் 7 சதவீதம். பிரான்ஸ், ஸ்பெயின் நாட்டு மருத்துவமனைகள் நடத்திய லாஸ்ட் ஆய்வில் இறப்பு 55.5 சதவீதத்திலிருந்து 36.1 சதவீதமாகக் குறைந்தது.

பலன் உண்மையானது. ஆனாலும் ஐந்தில் நால்வர் பிறரைச் சார்ந்தே வாழ்கிறார்கள், அல்லது இறக்கிறார்கள். இங்கே நோயாளி முன்பு எப்படி வாழ்ந்தார், எத்தகைய வாழ்வை ஏற்பார் என்பதைக் குடும்பம்தான் மருத்துவருக்குச் சொல்ல முடியும். வேண்டாம் என்று முடிவெடுப்பவர்களை யாரும் குறை சொல்லக் கூடாது.

மூளைத்தண்டு அடைப்புக்கும் இதே சிகிச்சையா?

பேசிலார் தமனி அடைப்பு மிகக் கொடியது. தலைச்சுற்றல், இரட்டைப் பார்வை, தள்ளாட்டம் என்று தொடங்கிக் கோமா வரை போகும். தொடக்கத்தில் கை கால் விழாததால் பித்தம், களைப்பு என்று வீட்டில் விட்டுவிடுகிறார்கள். 2021 வரையிலான ஆய்வுகள் தெளிவான விடை தரவில்லை. 2022இல் சீனாவிலிருந்து வந்த அட்டென்ஷன் ஆய்வில், குறைந்தது தானாக நடக்கும் நிலைக்கு வந்தவர்கள் 46 சதவீதம். மருந்து மட்டும் பெற்றவர்களில் 23 சதவீதம். ஆகவே கடுமையாகப் பாதித்தவர்களுக்கு ஆம், இதே சிகிச்சைதான்.

பெரிய குழாயில் நல்லதென்றால், சிறிய குழாய் அடைப்புக்கும் செய்துவிடலாமே?

இங்கேதான் கவனம் தேவை. 2025 பிப்ரவரியில் இரண்டு ஆய்வுகள் இதற்கு விடை தந்தன. நடுத்தர, கடைக்கோடிக் குழாய் அடைப்புகளில் கட்டியை எடுப்பது மருந்தைவிடக் கூடுதல் பலன் தரவில்லை. எஸ்கேப்-மீவோ ஆய்வில், ஏறக்குறைய முழுமையாகத் தேறியவர்கள் 41.6 சதவீதம், மருந்து மட்டும் பெற்றவர்களில் 43.1 சதவீதம். இறப்பும் ரத்தக் கசிவும் குழாய் விட்டவர்களிடம்தான் கூடுதலாக இருந்தன. கருவி இருக்கிறது, செய்யத் தெரியும் என்பதற்காக எல்லாருக்கும் செய்வது சிகிச்சை ஆகாது. "எந்தக் குழாய் அடைத்திருக்கிறது?" என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

தாத்தாவுக்கு 84 வயது. இந்த வயதில் தேவையா?

வயது மட்டுமே தடை அல்ல. ஐந்து ஆய்வுகளின் கூட்டுக் கணக்கில் 80 வயதைத் தாண்டியவர்களும் பலன் பெற்றார்கள். இளையவர்களைப் போல் தேறுவதில்லை என்பது உண்மை. நேற்றுவரை கடைக்குப் போய் வந்த 84 வயதுக்காரரும், இரண்டு வருடமாகப் படுக்கையில் இருப்பவரும் ஒன்றல்ல.

என்னென்ன ஆபத்துகள்?

மூளைக்குள் ரத்தக் கசிவுதான் எல்லாரும் அஞ்சுவது. அது கூட்டுக் கணக்கில் 4.4 சதவீதம், மருந்து மட்டும் பெற்றவர்களிலும் 4.3 சதவீதம். அதாவது குழாய் விடுவதால் அந்த ஆபத்து கூடவில்லை. குழாய் விடுவதற்கே உரிய ஆபத்துகள் வேறு: தமனிச் சுவர் கிழியலாம் அல்லது துளைபடலாம்; கட்டியின் துணுக்கு உடைந்து வேறு கிளையை அடைக்கலாம். எம்.ஆர். கிளீனில் அப்படிப் புதிய பகுதி பாதித்தது 5.6 சதவீதத்தினருக்கு. குழாய் நுழைந்த தொடையில் ரத்தம் கட்டலாம். சிலருக்கு எவ்வளவு முயன்றும் கட்டி வராது.

எங்கள் ஊர் மருத்துவமனையில் ஊசிதான் உண்டு; கட்டியை எடுக்கும் வசதி தொலைவில் இருக்கிறது. எங்கே போவது?

நேராகப் பெரிய மருத்துவமனைக்கே போக வேண்டும் என்று பலரும் சொல்வார்கள். ஸ்பெயினின் கட்டலோனியாவில் நகரங்களுக்கு வெளியே வாழும் மக்களிடம் இதையே சோதித்தார்கள். ரேஸ்கேட் என்ற அந்த ஆய்வில் 1,401 பேரை, ஆம்புலன்ஸிலிருந்தே, அருகிலுள்ள பக்கவாத மையத்துக்கோ தொலைவிலுள்ள பெரிய மையத்துக்கோ குலுக்கல் முறையில் அனுப்பினார்கள். மூன்று மாத விளைவில் வேறுபாடு இல்லை. ஆனால் அங்கே அருகிலுள்ள மையமும் விரைந்து ஸ்கேன் எடுத்து, ஊசி போட்டு, உடனே மேலே அனுப்பும் ஒழுங்கில் பழகியது. அந்த ஒழுங்கு இல்லாத மருத்துவமனையில் இரண்டு மணி நேரம் கிடப்பதைவிட, இன்னும் அரை மணி நேரம் பயணம் செய்து சரியான இடத்துக்குப் போவதே மேல். சி.டி. ஸ்கேன் இல்லாத இடத்துக்குப் போகவே கூடாது. உங்கள் ஊரிலிருந்து எந்த மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பதை இன்றே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டியை எடுக்கும் வசதியே எட்டாத தூரத்தில் உள்ளவர்களுக்கும் ஒரு நற்செய்தி உண்டு. சீனாவில் 516 பேரிடம் நடந்த, 2024இல் வெளியான டிரேஸ்-3 ஆய்வில், நாலரை மணி நேரம் தாண்டி 24 மணி நேரத்துக்குள் வந்து, ஸ்கேனில் காப்பாற்றக்கூடிய மூளை மிச்சமிருந்தவர்களுக்கு டெனெக்டிபிளேஸ் கொடுத்தார்கள். ஏறக்குறைய முழுமையாகத் தேறியவர்கள் 33 சதவீதம், கொடுக்காதவர்களில் 24.2 சதவீதம். ரத்தக் கசிவு சற்றுக் கூடியது. கட்டியை எடுப்பதற்கு இது ஈடாகாது; ஒன்றும் செய்யாமல் இருப்பதைவிட மேலானது.

ஆம்புலன்ஸ் வரும்வரை வீட்டில் என்ன செய்யலாம்?

தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990, சிங்கப்பூரில் 995, மலேசியாவில் 999. அழைக்கும்போதே "பக்கவாதம்" என்ற சொல்லைச் சொல்லுங்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வீட்டில் கருவி இருந்தால் சர்க்கரை அளவைப் பாருங்கள். சர்க்கரை மிகவும் தாழ்ந்தாலும் பக்கவாதம் போலவே தோன்றும்.

தண்ணீர், காபி, மாத்திரை எதையும் வாயில் கொடுக்காதீர்கள். விழுங்கும் திறன் போயிருந்தால் நுரையீரலுக்குள் போய்விடும். மாரடைப்புக்குக் கொடுப்பதுபோல் ஆஸ்பிரினும் கொடுக்க வேண்டாம். கசிவா அடைப்பா என்பது ஸ்கேனுக்கு முன் தெரியாது. புறா ரத்தம் தேய்ப்பதற்காக அழைத்துப் போய்விட்டு மறுநாள் மருத்துவமனைக்கு வருபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அன்போடுதான் செய்கிறார்கள். அந்த ஒரு நாளில் மடிந்த மூளையை எந்தச் சிகிச்சையாலும் மீட்க முடியாது.

நோயாளி எடுக்கும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள், காப்பீட்டு அட்டையோடு.

கையெழுத்துப் போடும் முன் மருத்துவரிடம் என்ன கேட்பது?

எந்தக் குழாய் அடைத்திருக்கிறது, எவ்வளவு மூளை மிச்சமிருக்கிறது, ஊசி போட்டாயிற்றா, இங்கேயே எடுக்க முடியுமா அல்லது வேறிடம் அனுப்ப வேண்டுமா. இந்த நான்கும் போதும். பதில்கள் இரண்டு நிமிடத்தில் கிடைத்துவிடும். வெளியூரில் இருக்கும் அண்ணன் வரட்டும், மாமாவைக் கேட்டுச் சொல்கிறோம் என்று தள்ளிப்போடாமல், அங்கே இருப்பவர்களில் ஒருவர் முடிவெடுக்க வேண்டும். வெளியூரில் இருப்பவர்கள் அந்த முடிவுக்காகப் பிறகு அவரைக் குத்திக் காட்டக் கூடாது. பணத்தைப் பற்றிக் கேட்கவும் தயங்க வேண்டாம். ஒருமுறையே பயன்படுத்தக்கூடிய கருவிகள் என்பதால் செலவு அதிகம். காப்பீடு எவ்வளவு தாங்கும் என்பதை ஒருவர் விசாரிக்கும்போதே நோயாளி ஆஞ்சியோ அறைக்குப் போய்க்கொண்டிருக்கலாம்.

கட்டியை எடுத்தாயிற்று. பிறகு?

முதல் நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்திருப்பார்கள். ரத்த அழுத்தம் 150 என்று திரையில் காட்டினால் பதற வேண்டாம். கட்டியை எடுத்த பிறகு அழுத்தத்தை 120க்கும் கீழே வலிந்து இறக்கியது ஊனத்தைக் கூட்டியது என்று 2022இல் வெளியான சீன ஆய்வு ஒன்று காட்டியிருக்கிறது. வீக்கம் மிகுந்து மூளை நசுங்கினால், மண்டை எலும்பின் ஒரு பகுதியைத் தற்காலிகமாக எடுத்துவைக்கும் அறுவை சிகிச்சை தேவைப்படலாம்; குறிப்பாக 60 வயதுக்கு உட்பட்டவர்களிடம் அது உயிர்களைக் காத்திருக்கிறது.

கரைக்கும் ஊசி போட்டிருந்தால், 24 மணி நேரம் கழித்து மறுபடி ஸ்கேன் எடுத்து, கசிவு இல்லை என்று உறுதியான பின்பே ஆஸ்பிரின் தொடங்குவார்கள். கட்டி எங்கிருந்து வந்தது என்பதைத் தேடுவதும் அப்போதே தொடங்கிவிடும். கழுத்துத் தமனியில் கொழுப்புப் படிவு இருந்தால் அதற்கு ஒரு வழி. இதயம் ஒழுங்கின்றித் துடிப்பதால் வந்ததென்றால், ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையைப் பெரும்பாலும் வாழ்நாள் முழுதும் எடுக்க வேண்டும். வீட்டுக்குப் போகும் நாளில் அந்த மாத்திரையின் பெயரையும், எந்த நாளிலிருந்து தொடங்க வேண்டும் என்பதையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.